கை வைக்காத நாள்

என் பெயர் செண்பகவல்லி. பாளையங்கோட்டைக்கு வெளியே ஓர் இதய ஒட்டு மையத்தில் பதினோரு வருஷம் இடுக்கி ஓட்டினேன். அந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் மகள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோதுகூட, பன்னிரண்டு மணித் திருத்தத்தை முடித்துவிட்டுத்தான் ஓடினேன். இதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். இப்போது சொல்ல வேறு காரணம் இருக்கிறது.

இடுக்கி என்றால் அடுப்படி இடுக்கி இல்லை. ஒளியால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர், லட்சம் இழையாகப் பிரிந்து, தட்டில் வளரும் இதயச் செல்களின் கருவுக்குள் போகும். அங்கே மிதக்கும் புரதச் சொட்டுகளைப் பிடித்து, படத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்கும். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. முப்பது நாள். பிறகு அந்தத் தட்டில் வளர்ந்த சவ்வை நோயாளியின் இதயத்தில் ஒட்டுவார்கள். இயந்திரத்துக்கு நீளமாக ஒரு வெளிநாட்டுப் பெயர் உண்டு. அதை வாயில் நுழைத்துப் பார்த்துத் தோற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர்தான் இடுக்கி.

இசக்கிமுத்து எங்களிடம் வந்தது ஒரு புரட்டாசி மாதம். முப்பத்தி நாலு வயது, அரசு பஸ் டிரைவர். படி ஏறினாலே உதடு நீலம் பாரிக்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. முதல் நாளே எங்கள் டாக்டர் மெஹராஜ் பானுவைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, எனக்கு என்னதான் செய்யப் போறீய? புரியுத மாதிரி சொல்லுங்க. நான் பன்னெண்டாவது பெயிலு."

மெஹராஜ் மேலப்பாளையத்துக்காரி. அவசரமே தெரியாத மனுஷி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க உடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு கரு இருக்கு அண்ணாச்சி. தூசியைவிடச் சின்னது. அதுக்குள்ள ரெண்டு மீட்டர் நூலை மடிச்சு வச்சிருக்கு."

"ரெண்டு மீட்டரா? என் நாலு முழ வேட்டி நீளம்லா வருது!"

"அதேதான். அந்த நூலைப் படிக்க, வெட்ட, ஒட்ட, ரிப்பேர் பாக்க ஆயிரக்கணக்கான புரதம் இருக்கு. அதுக கண்டபடி சுத்தாது. படிக்கிறது ஒரு இடத்துல, ரிப்பேர் பாக்கிறது ஒரு இடத்துலன்னு கூட்டம் கூட்டமா நிக்கும். ஆனா நடுவுல சுவரும் கிடையாது, கதவும் கிடையாது."

"பொறவு எப்படிக் கலையாம நிக்குது?"

"ரசத்துல எண்ணெய் சொட்டுச் சொட்டா நிக்குதுல்லா, அந்த மாதிரி."

இசக்கிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம புது பஸ் ஸ்டாண்டு மாதிரின்னு சொல்லுங்க. தென்காசி போற ஆளுக ஒரு பக்கம், நாரோயில் போற ஆளுக ஒரு பக்கம். கோடா போட்டு வச்சிருக்கு? சரி, அங்க டைம் கீப்பர் யாரு?"

"யாரும் இல்ல."

"இல்லையா!"

"இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிக்கல. அதுகளா கூடுது. வேலை முடிஞ்சா அதுகளா கலையுது. பொறவு வேற எங்கயோ கூடுது. நிமிஷத்துக்கு நிமிஷம் நடக்கு."

அந்த மனுஷர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "யாரும் விசில் அடிக்காம, என் உடம்பு பூரா, முப்பத்தி நாலு வருஷமாவா?" என்று கேட்டார். குரலே மாறியிருந்தது. பதினோரு வருஷமாக அந்தக் கருக்களைத் தினம் மூன்று வேளை பார்த்தவள் நான். ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எனக்கு அவை வேலை, அவ்வளவுதான்.

"உங்க கருவைச் சுத்தி இருக்கிற ஓட்டுல உள்ள புரதம் பிறவியிலேயே பலவீனம்," என்றாள் மெஹராஜ். "அதனால கூட்டம் கலைஞ்சு போய் இதயத்துக்கு வலு இல்லாமப் போச்சு. நாலு மாசத்துக்கு முன்ன உங்க தோல்லருந்து எடுத்தாங்கள்ல, அந்தச் செல்லுல புரதத்தைச் சரிபண்ணி, புதுசா இதயச் செல் வளத்திருக்கோம். ஆனா புதுச் செல்லுலயும் சொட்டுகளுக்கு இடம் புடிபட மாட்டேங்குது. நம்ம செண்பகம்தான் ஒவ்வொண்ணையும் பிடிச்சு, படத்துல உள்ள இடத்துல கொண்டு நிறுத்துவாங்க."

இசக்கிமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப யக்காதான் டைம் கீப்பரு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. பாலிடெக்னிக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவளைப் பார்த்து டைம் கீப்பராம். அவருடைய மருத்துவக் கோப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவருக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் என்று கோப்பில் எழுதியிருந்தது. புதுத் தட்டு வளர்க்க நான்கு மாதம் ஆகும். அவருக்கென்று வளர்ந்திருந்தது ஒரே ஒரு தட்டு. அது கெட்டால் மறு தட்டு கிடையாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒட்டு வைத்தவர்களில் மூன்றில் ஒருவர்தான் ஒரு வருஷம் தாண்டினார்கள். ஏன் அந்த ஒருவர் மட்டும் என்று இங்கேயும் தெரியாது, இடுக்கி இருக்கிற வேறு எந்த ஊரிலும் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் அமலோற்பவம் என்று ஒரு கணக்கு டீச்சர் வந்தார். முப்பது நாள், தொண்ணூறு திருத்தம், ஒன்றுகூடப் பிசகவில்லை. படத்தோடு ஒப்பிட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மையத்திலேயே அதுதான் சாதனை, எனக்குப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். ஏழாவது மாதம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் இதயம் நின்றுவிட்டது. அவர் கணவர் லூர்து சார் பதினாறு நாள் கழித்து என்னைத் தேடி வந்து, "நீங்க ஒரு குறையும் வைக்கல தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இசக்கிமுத்துவின் தட்டுக்குப் பத்தொன்பதாவது நாள் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் மையத்தில் ஆயுத பூஜை தடபுடலாக நடக்கும். இயந்திரங்களைத் துடைத்து, மாவிலை கட்டி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை யாரும் தொட மாட்டார்கள். நான் மட்டும் தொடுவேன். சாமி கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும், திருத்தம் தவறக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் பூஜை போட்ட இடுக்கியையே ஓட்டுவேன். மற்ற ஆபரேட்டர்கள் என்னைக் கேலி பண்ணுவார்கள். அவர்கள் தட்டுகள் அன்றைக்குச் சும்மா கிடக்கும்.

பதினோரு மணிக்குப் பூஜை. பெரிய அண்டாவில் பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்துகொண்டிருந்தேன். வார்டிலிருந்து இசக்கிமுத்து மெல்ல நடந்து வந்து வாசலில் நின்றார்.

"யக்கா, பன்னெண்டு வருஷமா என் வண்டிக்கு நான்தான் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் வேற எவனோ வச்சிருப்பான். மனசு கேக்க மாட்டேங்கு. இங்க எதுக்காவது நான் வைக்கட்டுமா?"

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது விதி. ஆனால் நல்ல நாளும் அதுவுமாக அந்த முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்று சொல்வது? சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். "உங்க உசுரு அதுலதான் இருக்கு. அந்தா, இடுக்கி. அழகா வைங்க" என்று சொல்லிவிட்டு அண்டாவுக்குத் திரும்பினேன். சர்க்கரை அடியில் கட்டியாக நின்றது, அதை உடைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்ன செய்கிறார் என்று நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தட்டை வைத்து ஓட்டினேன். "திருத்தம் முடிந்தது" என்று திரையில் வந்தது. மாலை ஆறு மணிக்கும் அப்படியே. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு ஒரு பை பொரி எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் வேலை மதிப்பெண் பார்ப்பது; மற்ற ஆபரேட்டர்கள் திருத்தம் ஓட்டிய பிறகுதான் பார்ப்பார்கள், நான் ஓட்டும் முன்பே பார்த்துவிடுவேன். முந்தின நாள் தொண்ணூற்றாறு இருந்தது. இப்போது நாற்பத்தொன்று.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். நாற்பத்தொன்றுதான். திரை பூராவும் சிவப்பு. ஒரு சொட்டும் படத்தில் போட்ட இடத்தில் இல்லை. எண்பதுக்குக் கீழே போனால் தட்டைக் கொட்டிவிட வேண்டும் என்பது சட்டம். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன்.

இடுக்கியின் தலையில் வட்டமாக இரண்டு கண்ணாடிகள் உண்டு. அவை வழியாகத்தான் ஒளி இறங்கும். இரண்டின் மீதும் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து வெடித்துப்போய் அப்பியிருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்த ஊரில் எந்த டிரைவரும் ஆயுத பூஜையன்று வண்டியின் இரண்டு ஹெட்லைட்டிலும் பொட்டு வைக்காமல் இருக்க மாட்டார். அந்த மனுஷர் தன் பஸ்ஸை நினைத்துக்கொண்டு, ஆசை ஆசையாக, தன் உயிரைப் பிடித்து வைத்திருந்த ஒளியைத் தன் கையாலேயே மூடிவிட்டார். உள்ளே விட்டது நான். முந்தின நாள் காலையிலிருந்து அந்தச் செல்களை யாரும் தொடவே இல்லை. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மெஹராஜுக்குப் போன் செய்துவிட்டு, கொட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்க்கலாம் என்று தட்டைச் சாதாரண நுண்ணோக்கியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இப்போதும் தெரியாது.

பார்த்தேன். தட்டு துடித்தது.

இதயச் செல்கள் தட்டில் துடிப்பது புதிதில்லை. ஆனால் எங்கள் தட்டுகளில் ஒன்று இங்கே துடிக்கும், ஒன்று அங்கே துடிக்கும், சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒட்டு வைத்த பிறகு இதயமே அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும் என்பது எங்கள் பாடம். இது அப்படி இல்லை. நாற்பது லட்சம் செல்லும் ஒன்றாகச் சுருங்கின, ஒன்றாக விரிந்தன. ஓரத்தில் கிளம்பும் அலை நடுவைத் தாண்டி மறு ஓரம் வரை போனது. அது அடங்குவதற்குள் அடுத்தது கிளம்பியது. நான் கருக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின, பிரிந்தன, நூலின் ஓரமாக நகர்ந்துபோய் நின்றன. ஒவ்வொரு கருவிலும் ஒவ்வொரு மாதிரி. ஓரத்துச் செல்லில் ஒரு ஒழுங்கு, நடுவில் இருந்ததில் வேறு ஒழுங்கு. எதுவும் எங்கள் படம் மாதிரி இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தது என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். அந்த அறையில் தனியாக நின்று, "யம்மா, யம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மெஹராஜ் வந்தாள். கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. "சுப்ஹானல்லாஹ்" என்றாள், தனக்குத்தானே.

"டாக்டரம்மா, மார்க்கு நாப்பத்தொண்ணு."

"எதை வச்சு நாப்பத்தொண்ணு? ரெண்டாயிரம் பேரோட செல்லைக் கூட்டிக் கழிச்சுச் சராசரி போட்டுத்தான் நம்ம படம் வரைஞ்சிருக்கு. சராசரி ஆளுன்னு ஒருத்தர் எங்கயாவது இருக்காரா? நீ பாத்திருக்கியா?"

"அப்ப இத்தனை நாளா?"

அவள் மறுபடி நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டாள்.

இசக்கிமுத்துவிடம் சொல்லாமல் மறைக்க ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மெஹராஜ் அவரை வரவழைத்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "நானா? என் கையாலயா?" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"முழுசாக் கேளுங்க அண்ணாச்சி. சட்டப்படி இதைக் கொட்டணும். கொட்டினா உங்களுக்கு வேற வழி இல்ல. இதையே வச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உலகத்துல யாருக்கும் தெரியாது. ஒரு வாட்டி நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் குனிந்து பார்த்தார். முதுகு அசையவில்லை. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இது நானாம்மா?"

"நீங்கதான்."

"யாரும் விசில் அடிக்கல."

"இல்ல."

"அப்ப ஏறிர வேண்டியதுதான். பேப்பரைக் கொண்டாங்க, எங்க கையெழுத்துப் போடணும்?"

மீதிப் பதினோரு நாளும் நாங்கள் இடுக்கியைத் தொடவில்லை. தினம் மூன்று வேளையும் எனக்குக் கை நமநமவென்று இருக்கும். நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். ஒட்டு வைத்தார்கள். மூன்றாம் மாதம் அவர் மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறினார். விசாரணை வந்தது, மெஹராஜுக்கு மெமோ வந்தது, எனக்கும் வந்தது. பதினோராம் மாதம் மருத்துவக் குழு அவருக்கு மறுபடி வண்டி ஓட்டத் தகுதிச் சான்று கொடுத்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் வாசலில் ஒரு டவுன் பஸ் வந்து நின்று, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஹார்ன் அடித்தது. வாழைக்கன்று கட்டிய அந்த வண்டியின் இரண்டு ஹெட்லைட்டிலும் பொட்டு இருந்தது.

எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது மெஹராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மேஜை மேல் பதினோரு வருஷத்துப் பதிவேடுகள் அடுக்கியிருந்தன.

"செண்பகம், உட்காரு. பிழைச்சவங்க தட்டோட பதிவை எல்லாம் தனியா எடுத்துப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு இடைவெளி இருக்கு. ஒண்ணுல ஆபரேட்டர் லீவு. ஒண்ணுல பராமரிப்புக்குக் கரண்டை நிறுத்தின நாள். அஞ்சு தட்டுல ஆயுத பூஜை. அந்த ஒரு நாள்ல சொட்டுக அதுகளா இடம் பிடிச்சிருக்கு. பொறவு நாம எவ்வளவு கலைச்சாலும் திரும்பப் போய் நின்னிருக்கு. ஒரு நாள்கூட விடாத தட்டுகளுக்கு அந்தப் பழக்கமே வரல."

எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன். "என் தட்டுக?"

"இசக்கிமுத்து தட்டை விட்டா, உன் தட்டு எதுலயும் இடைவெளியே இல்ல."

இருபத்தாறு பேர். ஒவ்வொருவர் பெயரும் எனக்குத் தெரியும். ஒருவரும் பிழைக்கவில்லை. பிழைக்காதவர்கள் மற்றவர்களிடமும் உண்டு, அதனால் நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. வேலை தெரியாதவர்கள், அக்கறை இல்லாதவர்கள் என்று நான் திட்டிய ஆட்களின் கையில்தான் ஜனங்கள் பிழைத்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகையை என் வீட்டார்கூடப் பார்த்ததில்லை. "நமக்குத் தெரியாதுட்டி, தெரியாமத்தானே செஞ்சோம்" என்று மெஹராஜ் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். தெரியாமல்தான் செய்தோம். அதற்காக இருபத்தாறு பேர் திரும்பி வரப்போவதில்லை.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு துளியை உறையவைத்துப் பாதுகாப்பது வழக்கம். லூர்து சாரின் வீட்டுக்கு நானே போனேன். எல்லாவற்றையும் சொல்லி, டீச்சரின் செல்லை எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். என்னை வெளியே போகச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வாரேன்" என்றார்.

உறைந்ததை உருக்கித் தட்டில் விட்டு, செல்கள் நன்றாகப் பற்றிப் பரவட்டும் என்று நாலு நாள் பொறுத்தோம். அந்த நாலு நாளும் யாரும் கை வைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவரை நுண்ணோக்கி முன் உட்கார வைத்து, நான் பக்கத்தில் நின்றேன். திரையில் எனக்கும் தெரிந்தது. சின்னத் தட்டுதான், காலணா அளவு. முழுத் தட்டும் ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது.

"இது அவளா?"

"ஆமா சார்."

"கொஞ்சம் வேகமா இருக்கே?"

"நிமிஷத்துக்கு எண்பத்தஞ்சு."

"அவ எப்பவும் அப்படித்தான். நடந்தா நான் பின்னாலயே ஓடணும்." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணை எடுக்காமலே கேட்டார். "அந்த முப்பது நாள்ல நீங்க ஒரு நாள் லீவு போட்டிருந்தா, அவ இருந்திருப்பாளோ?"

எத்தனையோ பதில் யோசித்து வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"இருந்திருப்பாங்க சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எவ்வளவு நேரம் இப்படித் துடிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"கை வைக்காம விட்டா, பல மாசம் துடிக்கும்."

"அப்ப நான் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் உக்காருங்க."

பன்னிரண்டு மணிக்கு, பழக்கத்தில் அழிக்காமல் விட்டிருந்த திருத்த மணி என் கைபேசியில் அடித்தது. அதை நிறுத்தினேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.